விலைக்கு வாங்கிய நற்பெயர்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனுக்குக் கணினி உலகத்துக் கொடுக்கல் வாங்கலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நம் பிள்ளைகளின் மீது வீசப்படும் வலை எதுவாயினும் அதனை முதலில் கண்டு சொல்ல வேண்டியவன் ஆசிரியன் என்பதே என் எண்ணம். ஆகவே எழுதுகிறேன்.

கடந்த பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை பசியாறிக் கொண்டிருந்தபோது, என் முன்னாள் மாணவன் ஒருவன் தன் தாயாருடன் வீடு தேடி வந்தான். கூலாய் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு என் கண்முன்னே வளர்ந்த பிள்ளை. இப்போது கணினித் துறையில் பட்டயக் கல்வியை முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். தாயார் தொழிற்சாலையில் வேலை செய்து தனியொருவராக அவனைப் படிக்க வைக்கிறார்.

“ஐயா, பையனுக்கு ஏதோ கணக்கு வாங்க வேண்டுமாம். அது இருந்தால்தான் சிங்கப்பூரில் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். நானூறு வெள்ளி குறைகிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் கொடுத்துவிடுகிறேன்,” என்றார் தாயார்.

தேர்வுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ என்று எண்ணிப் பணப்பையை எடுக்கக் கை நீட்டிவிட்டேன். ஏதோ தோன்றி, “என்ன கணக்கு, தம்பி?” என்று கேட்டேன். அவன் தயக்கத்தோடு கைப்பேசியைக் காட்டினான்.

டெலிகிராம் குழுவொன்றில், பழைய கார் விற்கும் கடையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் போல, கணக்குகள் வரிசையிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அகவை, பங்களிப்புகளின் எண்ணிக்கை, நட்சத்திரங்களின் எண்ணிக்கை, விலை! பணம் செலுத்தியவுடன் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் கைக்கு வந்துவிடுமாம். பயனர் பெயரையும் படத்தையும் மாற்றிக்கொண்டால், அந்த ஆறாண்டு உழைப்பு அனைத்தும் வாங்கியவனின் உழைப்பாகிவிடுமாம்.

என் கை பணப்பையிலிருந்து விலகிக்கொண்டது. அன்று அந்தத் தாயாரிடமும் மகனிடமும் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும், அன்று நான் கேட்டுத் தலைகுனிந்த ஒன்றையும் ஈண்டு எழுதுகிறேன்.

எதை விற்கிறார்கள்?

பெற்றோர்கள் புரிந்துகொள்ளும் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன். கணினி நிரல் எழுதுவோர் தாம் எழுதிய நிரலை இணையத்தில் சேமித்து வைக்கவும், பிறரோடு சேர்ந்து திருத்தவும் சில தளங்கள் உள்ளன. அவற்றுள் பெரியது 2008இல் தொடங்கப்பெற்ற கிட்ஹப். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018இல் இதனை 750 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இத்தளத்தில் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஓராண்டின் நாள்கள் சிறு கட்டங்களாகக் காட்டப்படும். பங்களிப்புச் செய்த நாளின் கட்டம் பச்சையாகும். பிறர் மெச்சினால் நட்சத்திரம் கிடைக்கும். வேலைக்கு ஆள் எடுப்போர் சிலர் இப்பக்கத்தைப் பார்த்து, இவன் உழைப்பாளியா என்று எடை போடுகின்றனர். நம் வகுப்பறைச் சுவரில் மாணவர் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டுகிறோமே, ஏறத்தாழ அதுதான்!

இன்னொரு வகைக் கணக்கும் விற்பனைக்கு உண்டு. கைப்பேசிச் செயலிகளை வெளியிடுவதற்கான கூகிள் பிளே கணக்கு அது. இதற்குப் பதிவுக் கட்டணம் ஒரேயொரு முறை 25 அமெரிக்க டாலர்தான். ஆனால், 2023 நவம்பர் 13க்குப் பின் திறக்கப்பட்ட புதிய தனியாள் கணக்குகளுக்குக் கூகிள் ஒரு நிபந்தனை விதித்தது. செயலியை 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம் என்றது. 2024 டிசம்பரில் இந்த 20 பேர் 12 பேராகக் குறைக்கப்பட்டனர். இத்தொல்லை பழைய கணக்குகளுக்கு இல்லை. எனவே பழைய கணக்குக்குச் சந்தையில் விலை ஏறியது. பன்னிரண்டு நண்பர்களைத் திரட்டச் சோம்பல்படுவோரும், திரட்ட முடியாதபடி மறைவான காரியம் செய்வோரும் அதை நாடுகின்றனர்.

வாங்குபவன் எதை இழக்கிறான்?

முதலாவது, பணம். இவ்விற்பனையில் பற்றுச்சீட்டு இல்லை, முகவரி இல்லை, கேட்டு வாங்க முகம் இல்லை. பணம் போனபின் விற்றவன் குழுவிலிருந்து மறைந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? விதி மீறிய பொருளை வாங்கப் போய் ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இரண்டாவது, கணக்கு கைக்கு வந்தாலும் அது நிலைப்பதில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் கதவைப் பூட்டிவிட்டதாகப் பொருள் இல்லை. பழைய மீட்பு மின்னஞ்சல், மீட்புக் குறியீடுகள், முன்பே உருவாக்கி வைத்த அணுக்கச் சாவிகள் எனப் பல வழிகள் உள்ளன. வீட்டை விற்றவன் பின்கதவுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டதைப் போல, ஒரே கணக்கை நால்வரிடம் விற்று நால்வரிடமிருந்தும் அவன் மீட்டுக்கொள்ளலாம். அக்கணக்கு வேறொருவரிடமிருந்து திருடப்பட்டதாகவும் இருக்கலாம். உரியவர் முறையிட்டுத் தம் கணக்கைத் திரும்பப் பெறும் நாளில், நம் பையன் திருட்டுப் பொருளை வைத்திருந்தவனாக நிற்பான்.

மூன்றாவது, தளத்தின் விதி. ஒரு கணக்கை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது கிட்ஹப்பின் விதி. கணக்குப் பெயரைப் பணத்துக்கு விற்பதோ வாங்குவதோ கூடாது. செய்தால் கணக்கு நிலையாக முடக்கப்படலாம் என்றும் அது சொல்கிறது. கூகிள் இன்னும் கடுமையானது. ஒரு கணக்கு நீக்கப்பட்டால் அதனோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பிற கணக்குகளும் நீக்கப்படும். அதாவது, வாங்கிய கணக்கில் முன்னவன் செய்த தவறு, வாங்கியவன் நேர்மையாகத் திறந்த சொந்தக் கணக்கையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். இருபது அகவையில் அத்தளத்தின் கதவு மூடிக்கொண்டால் அப்பிள்ளை எங்கே போவான்?

நான்காவது, நேர்முகத் தேர்வு. நிரலில் ஒவ்வொரு திருத்தமும் எழுதியவரின் பெயரோடும் மின்னஞ்சலோடும் பதியப்படுகிறது. பக்கத்தின் மேலே பெயரை மாற்றினாலும், உள்ளே ஆயிரம் இடங்களில் முன்னவரின் பெயர் அப்படியே இருக்கும். “இந்தப் பகுதியை ஏன் இப்படி எழுதினாய்?” என்று தேர்வாளர் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும், ஆறாண்டுப் பழைமை ஆறே நொடியில் உதிர்ந்துவிடும். அதன்பின் அவனுக்கு உண்மையிலேயே தெரிந்ததையும் நம்புவார் இலர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டங்களின் மதிப்பே அத்துணை உறுதியானதன்று. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்னும் கருவி 2005இல் லினசு தோர்வால்ட்சு உருவாக்கியது. திருத்தம் செய்தவர் பெயரையும் நாளையும் எழுதுபவர் சொல்கிறபடியே அது பதிந்துகொள்ளும். நேற்று எழுதியதை ஐந்தாண்டுக்கு முந்தைய நாளிட்டும் பதியலாம். நட்சத்திரங்களின் நிலையும் இதுவே. கிட்ஹப்பில் ஏறத்தாழ 45 இலட்சம் நட்சத்திரங்கள் போலி என்று ஐயுறத்தக்கவை எனக் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2024 இறுதியில் கண்டறிந்து எழுதியது. விவரமறிந்த தேர்வாளர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதில்லை. மயங்குபவன் நானூறு வெள்ளி கொடுக்கும் நம் பையன்தான்!

விற்பவன் எதை இழக்கிறான்?

வாங்க வழி காட்டும் அதே குழுக்கள் நம் பிள்ளைகளிடம் விற்கச் சொல்லியும் கேட்கின்றன. “நீ பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பழைய கணக்கைக் கொடு, நூறு வெள்ளி தருகிறோம்.” கேட்பதற்கு எவ்வளவு எளிது!

இந்நாட்டுப் பெற்றோருக்கு இது புதிய கதை அன்று. ‘கழுதைக் கணக்கு’ என்னும் சொல்லை அறியாதார் இன்று யார்? ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் சில நூறு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே பாய்ந்ததென்று நீதிமன்றத்தில் நிற்கும் இளைஞர்களைப் பற்றி நாளேடுகளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? இக்கொடுமையை ஒடுக்கவே 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. தன் வங்கிக் கணக்கைப் பிறரிடம் ஒப்படைப்பதும், பிறர் கணக்கைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதும் தனிக் குற்றங்களாக்கப்பட்டன. அதற்கும் முன்னரே, கணினிக் குற்றச் சட்டம் 1997, கணினிக்குள் நுழைவதற்குரிய கடவுச்சொல்லை உரிமையற்றவரிடம் தெரிவிப்பதைக் குற்றமாக வைத்து, 25,000 வெள்ளி வரை தண்டம் அல்லது மூன்றாண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. வங்கிக் கணக்கும் நிரலர் கணக்கும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ஆனால், இரண்டிலும் விற்கப்படும் பொருள் ஒன்றே. அது விற்பவனின் பெயர்.

அப்பெயரை யார் வாங்குகிறார்கள்? 2022 மே மாதம் அமெரிக்க அரசு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வடகொரியாவின் கணினித் தொழிலாளர்கள் தம் நாட்டை மறைத்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களில் தொலைவிலிருந்து வேலை பெறுகின்றனர். அதற்காகப் பிறருடைய அடையாளங்களையும் தனித்தொழில் தளங்களின் கணக்குகளையும் பயன்படுத்துகின்றனர். ஈட்டும் பணம் அந்நாட்டின் ஆயுதத் திட்டங்களுக்குப் போகிறது என்பதே அதன் சாரம். இத்தகையோருக்குத் துணை நின்ற அரிசோனா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு 2025 சூலையில் எட்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் நிரல் எழுதவில்லை.  நிறுவனங்கள் அனுப்பிய மடிக்கணினிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, வேலை செய்பவர் அமெரிக்காவில் இருப்பதாகக் காட்ட உதவினார். “நான் வெறுமனே இடம் கொடுத்தேன்” என்னும் சொல் அங்கே எடுபட்டிருக்காது. “நான் வெறுமனே கணக்கைக் கொடுத்தேன்” என்பது மட்டும் எடுபடுமா?

உலகம் எதை இழக்கிறது?

தம்மோடு போகிற தீங்கு என்றால் மன்னித்துவிடலாம். இது தம்மோடு போவதில்லை. பழைய கணக்கின் மதிப்பு அதன் அகவையில் இல்லை. அதன்மேல் பிறர் வைத்துள்ள நம்பிக்கையில் இருக்கிறது. கணக்கு கைமாறும்போது அந்நம்பிக்கையும் நம்பியோரைக் கேளாமலேயே கைமாறுகிறது.

பாலிஃபில் என்றொரு சிறு நிரல் இருந்தது. பழைய உலாவிகளிலும் புதிய வலைப்பக்கங்கள் இயங்கத் துணைசெய்யும் நல்ல நிரல். அதன் இணைய முகவரியும் கிட்ஹப் கணக்கும் 2024 பிப்ரவரியில் ஃபன்னல் என்னும் நிறுவனத்திடம் கைமாறின. அதே ஆண்டு சூன் மாதம், அந்நிரலின் வழியே தீநிரல் பாய்ச்சப்படுவதாகவும், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் அதற்கு ஆட்பட்டிருப்பதாகவும் கண்டறியப்பட்டது. அந்தத் தளக்காரர்கள் என்ன பிழை செய்தார்கள்? பழைய பெயரை நம்பினார்கள், அவ்வளவே. அந்நிறுவனத்தின் மீது 2025 மே மாதம் அமெரிக்க நிதித்துறை, இணைய முதலீட்டு மோசடிகளுக்குத் துணை நின்றதாகக் கூறித் தடை விதித்தது.

‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் உலாவி நீட்சியை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தி வந்தனர். அதனை உருவாக்கியவர் 2020இல் முகந்தெரியாத ஒருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அது தீநிரலைக் கொண்டிருப்பதாகச் சொல்லிக் கூகிள் நீக்கியது.

விற்காமல் இலவசமாகக் கொடுத்தாலும் இதே கதைதான். ‘ஈவென்ட் ஸ்ட்ரீம்’ என்னும் நிரலைப் பராமரிக்க நேரமில்லாத அதன் ஆசிரியர், உதவ முன்வந்த அறியாத ஒருவரிடம் 2018இல் ஒப்படைத்தார். வந்தவர் அதனுள் ஒரு திருட்டு நிரலைச் செருகினார். பிட்காயின் பணப்பைச் செயலி ஒன்றைப் பயன்படுத்துவோரின் பணத்தைக் கவர்வதே அதன் நோக்கம் என்று அவ்வாண்டு நவம்பரில் தெரியவந்தது.

இவற்றினும் கொடியது 2024இல் நிகழ்ந்தது. லினக்சு கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் சுருக்கக் கருவிக்கு, சியா டான் என்னும் பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல பிள்ளையாகப் பங்களித்து, நம்பிக்கை ஈட்டி, பொறுப்பாளராகவும் ஆனார். பின்னர் அதனுள் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்திராவிட்டால், அது உலகெங்கும் பரவியிருக்கும். அவர் 2024 மார்ச் 29 அன்று அதனை வெளிப்படுத்தினார். பழைய கணக்கு ஒன்று தீயவர் கையில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூன்றாண்டு காத்திருந்து வளர்த்த கணக்கு அது. அந்த மூன்றாண்டுக் காத்திருப்பைத்தான் நானூறு வெள்ளிக்கு டெலிகிராம் குழுவில் கூவி விற்கிறார்கள். நம் பையன் வேலைக்காக வாங்குகிறான். வரிசையில் அவனுக்கு அடுத்து நிற்பவன் எதற்காக வாங்குகிறான்?

சிலர் சொல்லும் சமாதானங்கள்

“எல்லாரும் செய்கிறார்கள்” என்பது முதல் சமாதானம். எல்லாரும் செய்யவில்லை. செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே குழுவில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. தேர்வில் பார்த்து எழுதும் மாணவனும் இதையேதான் சொல்வான். அவனை நாம் விடுகிறோமா?

“புதியவர்களுக்கு வழியே விடுவதில்லை, விதிகள் நேர்மையற்றவை” என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புகிறேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இணையத் தொடர்பும் மடிக்கணினியும் பிந்தித்தான் கிடைத்தன. பட்டணத்துப் பிள்ளை பன்னிரண்டு அகவையில் தொடங்கியதை இவன் பத்தொன்பதில் தொடங்குகிறான். ஆனால், நேர்மையற்ற பந்தயத்தில் திருட்டுக் குதிரை ஏறினால் பந்தயம் நேர்மையாகிவிடுமா? பிடிபடும் நாளில் பட்டணத்துப் பிள்ளைக்குத் தாங்கிக்கொள்ளச் சொத்தும் சுற்றமும் இருக்கும். நம் பிள்ளைக்கு இருப்பது பெயர் ஒன்றுதான். அதையும் இழந்தால் அவனிடம் எஞ்சுவது என்ன?

“நிறுவனத்தையே விற்கலாம், செயலியை விற்கலாம், கணக்கை விற்றால் மட்டும் குற்றமா?” என்பது மூன்றாவது. நல்ல கேள்வி. செயலியை விற்கத் தடையில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செயலியை முறைப்படி மாற்றித் தரும் வசதியைக் கூகிளும் ஆப்பிளும் வைத்துள்ளன. கிட்ஹப்பிலும் நிரல் களஞ்சியத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். அவ்வாறு செய்தால் பொருள் புதியவரின் பெயருக்குப் போகும்; கணக்கு பழையவரிடமே இருக்கும். வெளிச்சத்தில் செய்ய வழியிருக்கும்போது இருட்டில் செய்யச் சொல்பவனின் நோக்கம் பொருளை விற்பதன்று, ஆள்மாறாட்டத்தை விற்பதே.

நம் கையிலுள்ள கறை

இவ்வளவும் சொல்லி முடித்துச் சற்றே பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். அப்போது அம்மாணவன் மெல்லக் கேட்டான்: “ஐயா, ஆறாம் ஆண்டில் புத்தாக்கப் போட்டிக்குப் போனோமே, அந்த அறிக்கையை நீங்கள்தானே எழுதினீர்கள்?”

குத்திக்காட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையிலேயே வேறுபாடு தெரியாமல்தான் கேட்டான். என்னிடம் விடை இல்லை. ஆம், நான்தான் எழுதினேன். கருவியின் பாதியைச் செய்தவர் இன்னோர் ஆசிரியர். அவனும் மற்றப் பிள்ளைகளும் மனனம் செய்து ஒப்புவித்தனர், பதக்கம் வாங்கினர். நாங்கள் படம் எடுத்துச் சுவரில் மாட்டினோம். பள்ளியின் பெயர் உயர்ந்தது என்று மகிழ்ந்தோம். பிறர் உழைப்பின்மேல் தன் பெயரை ஒட்டிக்கொள்ளலாம் என்னும் பாடத்தை அவனுக்கு முதலில் நடத்தியது டெலிகிராம் குழு அன்று. நான்!

இதை எழுத எனக்கு எளிதாக இல்லை. ஆயினும், என்னைப் போன்றோர் பலர் இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். மாணவரின் இடுபணியைத் தாயார் செய்கிறார். கைவினைப் பொருளைத் தந்தையார் செய்கிறார். கட்டுரையை அக்காள் எழுதுகிறாள். இப்போது செயற்கை நுண்ணறிவும் எழுதித் தருகிறது. நாம் தெரிந்தும் தெரியாததைப்போல் புள்ளி போடுகிறோம். பள்ளிக்கு வெற்றி வேண்டும். தலைமையாசிரியருக்கு அறிக்கை வேண்டும். பெற்றோருக்குப் படம் வேண்டும். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து அவன் நிரலர் கணக்கை விலைக்கு வாங்கப் போனால், “காலம் கெட்டுவிட்டது” என்று பெருமூச்சு விடுகிறோம். காலம் என்ன செய்யும்? விதைத்தவர்கள் நாம்.

செய்ய வேண்டியவை

கூலாய் இன்று பழைய கூலாய் இல்லை. செம்பனையும் இரப்பரும் நின்ற மண்ணில் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. செடெனாக்கில் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிட்டது, ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவும் இவ்வட்டாரத்தில்தான். ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 சனவரி 7 அன்று கையெழுத்தானது. நம் தாத்தாமார் பால்மரம் வெட்டிய இடத்துக்கு அருகிலேயே பேரப்பிள்ளைகள் கணினிப் பணி செய்யும் வாய்ப்பு கதவைத் தட்டுகிறது. இந்நேரத்தில் நம் இளைஞர்களின் பெயர் கெட்டால் அது ஒருவனோடு நிற்காது. ஆகவே, என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை முன்வைக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு: போட்டிகளுக்கு அனுப்பும் படைப்புகளில் மாணவர் செய்தது எது, ஆசிரியர் உதவியது எது என்று முதல் பக்கத்திலேயே எழுதுவோம். பதக்கம் குறைந்தால் குறையட்டும். கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதே என்று டெலிமா கணக்கு திறக்கும் நாளில் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். கணக்கு என்பது கையெழுத்துக்கு ஒப்பானது. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று ஆண்டுதோறும் சொல்வோம்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை “கணக்கு வாங்க வேண்டும்” என்று பணம் கேட்டால், எந்தக் கணக்கு, யாரிடமிருந்து, எதற்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். கிட்ஹப்பில் கணக்குத் திறக்க ஒரு காசும் தேவையில்லை. 13 அகவை நிரம்பியிருந்தால் போதும். கூகிள் பிளே கணக்குக்கு அந்த 25 டாலரைத் தவிர வேறெவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே வங்கிப் பணம் பறிபோயிருந்தால், உடனே 997 என்னும் தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணை அழையுங்கள். பணம் அனுப்புவதற்கு முன், எதிராளியின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபாருங்கள். விற்றுவிட்ட கணக்கு ஏதேனும் இருந்தால், வெட்கப்படாமல் அத்தளத்துக்குத் தெரிவித்து முடக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு: பிந்தித் தொடங்கியது குற்றமன்று. தமிழ்க் கணிமையில் செய்வதற்கு வேலை மலைபோல் கிடக்கிறது. தமிழ்ச் சொற்களைக் கணினி கையாள உதவும் ஓப்பன் தமிழ் என்னும் நிரல் தொகுப்பு கிட்ஹப்பில் எவரும் காணத் திறந்தே இருக்கிறது. அத்தகைய திட்டங்களில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். ஒரு விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். அந்த ஒரு கட்டம் உங்களுடையது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அப்போது அவர் கையில் எந்தப் பழைய கணக்கும் இல்லை. அத்தகைய கணக்குகளே உலகில் இல்லை. செய்து காட்டினார், பெயர் பின்னால் வந்தது.

அன்று அந்தத் தாயாருக்கு நானூறு வெள்ளி நான் கொடுக்கவில்லை. மாணவன் வருத்தத்தோடுதான் போனான். இரு வாரம் கழித்துப் புலனத்தில் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தான். தன் சொந்தப் பெயரில் புதிதாகத் திறந்த கணக்கு. அதில் மூன்றே மூன்று பச்சைக் கட்டங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கும் சிறு நிரல் ஒன்றைத் தொடங்கியிருந்தான். ஏழாம் வாய்பாட்டில் ஒரு பிழை இருந்தது. நான் திருத்தவில்லை, பிழை இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். மறுநாள் நான்காவது கட்டமும் பச்சையாகியிருந்தது.

சிங்கப்பூர் வேலை அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் நாளில், அந்தப் பக்கத்தைக் காட்டி எவர் என்ன கேட்டாலும் அவனால் விடை சொல்ல முடியும். எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் அந்தப் பதக்கப் படத்தைக் காட்டி எவரேனும் என்னைக் கேட்டால் நான் என்ன விடை சொல்வேன் என்பதைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேச வேண்டுமென்று முடிவு செய்துள்ளேன். நீங்களும் உங்கள் பள்ளியில் பேசுங்கள்.

அன்புடன்,
கூலாயிலிருந்து ஓர் ஆசிரியன்